கலவைக் காய்

போடி
16.6.2024, ஞாயிறு

ராணிக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் பஸ் படி ஏறும்போது என்னைத் திட்டுகிறது. உன் மச்சானுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக விளையாட்டுக் காட்டுகிறது. உன் இருமல் நின்றதா? உன் வீட்டுக்காரர் வீரணன் தம்பியை மழையில் தோட்டம் சுற்றும்போது தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது. மூன்றாவது நிமிடம் உன் மலையில் டவர் போய்விடுகிறது. சண்டையை முடிக்கக்கூட முடிவதில்லை. ஆகையால் அம்மா திதியன்று பேசிக்கொண்டபடி இனிமேல் கடிதம்தான். பிச்சைமணி அண்ணன் காலை ஐந்தரைக்கு ஜீப்பில் ஆள் ஏற்றும்போது கொடுத்துவிடுகிறேன். நீயும் அவரிடமே கொடுத்தனுப்பு.

உன் மகள் பவதாரணி வந்து சேர்ந்தாள். உன் மகள் என்றுதான் சொல்ல வேண்டும். பெற்றது நான், பத்தொன்பது வருடம் சோறு போட்டது நான். பதினைந்து நாள் உன்னிடம் இருந்துவிட்டு வந்தவள் வாயைத் திறந்தால் சித்தி புராணம். "சித்தி கிளாஸ்ல ஒரு குட்டிகூட அழாதும்மா. மணி அடிச்சாலும் வீட்டுக்குப் போகாதுங்கம்மா." கணக்குப் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சித்தி மாதிரி டீச்சராகப் போகிறாளாம். "ஏன்டி, உங்கம்மா டீச்சர் இல்லையா?" என்று கேட்டேன். "நீங்க டீச்சருக்கு டீச்சர்மா. அது வேற" என்றுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அவள் எடுத்த வீடியோவையும் பார்த்தேன். ஏலக்காயை வைத்து வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாயே, அது. எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் யாருடைய வகுப்பைப் பார்த்தாலும் முதலில் மூன்று நிறை, பிறகு ஒரு குறை சொல்வது முறை. நிறைகள்: குரல் தெளிவு. பிள்ளைகள் உன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பொருளைத் துணைக்கருவியாக்கியது. குறை: கரும்பலகையில் தேதி எழுதவில்லை. பாடக்குறிப்பு கையில் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய், ஆசிரியர் உட்காரும் முறை அதுவல்ல. முந்தானை நனைந்திருக்கிறது. ஒரு குறைதான் சொல்ல வேண்டும், கை தாண்டிவிட்டது.

எனக்கு இதில் பொறாமை ஒன்றும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கு. கற்பகம், முதுநிலை விரிவுரையாளர் (கணிதம்)

———

எஸ்டேட் லைன், மலை
24.6.2024

என் அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மழைதான் நிற்கவில்லை. அவர் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு போகிறார். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு மலையாளச் சேச்சி காய்ச்சிய எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நாற்றமடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு தடவு. மச்சானை மைசூர்பாகு டப்பாவிலிருந்து தள்ளி உட்காரச் சொல்.

பவதாரணி கையில் நான் கொடுத்தனுப்பிய கடிதத்தைச் சிவப்பு மையில் ஒற்றுப்பிழை சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தாயே, அதை அவரிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். "ஒங்கக்கா எமனுக்கும் மார்க்குப் போடும்" என்கிறார். தங்கச்சிக்கு எழுதுகிற கடிதத்தில் முதுநிலை விரிவுரையாளர் எதற்கக்கா? முத்திரை ஒன்றுதான் பாக்கி.

வீடியோவில் பார்த்திருப்பாய். இருபத்தாறு காயை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஆறு, மீதி இரண்டு. "மீதிய என்னடா செய்ய?" என்று கேட்டேன். ஈஸ்வர் என்று ஒருத்தன், இரண்டாம் வகுப்பு, "டீச்சர் டீக்குப் போட்டுக்கோங்க" என்றான். அன்றிலிருந்து இங்கே மீதி என்றால் டீச்சர் டீ. பதினேழை ஐந்தால் வகுத்தால் டீக்கு இரண்டு. நாலு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே ஆள், மழை பெய்தால் தகரம் போடுகிற சத்தத்தில் பாடம் நடக்காது. இதில் பாடக்குறிப்பை எங்கே பிடிப்பது? ஒரு கையில் குடை.

பவதாரணி உன் கடிதத்தோடு ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தாள். அவள் வாட்ஸ்அப்பில் விட்ட வீடியோ கை மாறிக் கை மாறி வந்து, உங்கள் நிறுவனத்தில் பெரிய திரையில் போட்டார்களாமே? எல்லாரும் என்ன சொன்னார்கள்? நான் யார் என்று கேட்டார்களா? எழுது அக்கா. இங்கே என்னைப் பற்றிச் சொல்ல அட்டையைத் தவிர ஆளில்லை. அதுவும் காலில்தான் ஏறும்.

உன் ராணி

———

போடி
3.7.2024

ராணிக்கு,

எண்ணெய் வந்தது. நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டுவிட்டுப் போனாள். கால் தேவலாம். மச்சான் மைசூர்பாகை விட்டுவிட்டார், இப்போது ஜிலேபி. உன் கடிதத்தில் பதினொரு பிழை, இந்த முறை சுழிக்கவில்லை.

இங்கே சோலி தலைக்குமேல். காலை ஏழேகால் பஸ், ஒரு மணி நேரப் பயணம். முதலாமாண்டு மாணவிகளுக்கு வகுப்பு, மதியம் கற்பித்தல் பயிற்சிக்குப் போன பிள்ளைகளின் பதிவேடு திருத்தம், வீட்டுக்கு வர ஏழு. ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்லில்தான் நான் யோசிக்கிறேன். வேறு நேரமில்லை.

ஒரு செய்தி. செப்டம்பர் இருபதாம் தேதி போடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சுற்றிலும் அறுபது ஆசிரியர்கள், கேமரா, மாநிலப் பயிற்சிக் குழுவுக்கு ஆள் எடுக்கிற அதிகாரிகள். அந்தக் குழுவில் இடம் வேண்டும் என்று பதினான்கு வருடமாகக் காத்திருக்கிறேன். ராசிங்காபுரத்தில் நாலு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததோடு சரி. பிறகு எம்.எட்., தேர்வு, இந்த வேலை. இந்த வாய்ப்பு போனால் ஓய்வு பெறுகிறவரை பதிவேடுதான் திருத்துவேன்.

வகுத்தல்தான் பாடம். ஒரு கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்ப முடியுமா? காய்ந்த காய். இங்கே கடையிலும் கிடைக்கும், ஆனால் எஸ்டேட் காய் என்றால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வீடியோ கேட்டாயே, ஏதோ ஒருநாள் போட்டார்கள். அன்று கரண்டு வேறு போய்ப் போய் வந்தது. நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கற்பகம்

———

மலை
21.7.2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், பதற்றத்தில் சாப்பிடாமல் இருக்காதே. போட்டிமெட்டு ரோட்டில் பாறை உருண்டு ஜீப் போகவில்லை, அதனால்தான் தாமதம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வகுத்தல் பாடம், மூன்றாம் வகுப்பு, ஏலக்காய். அக்கா, அது என் பாடம்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காவிட்டாலும் கொடுக்கிறேன், காய் வரும். ஆனால் வீடியோவில் இருப்பது ஏழு நிமிடம். அதற்கு முன்னால் நான் செய்கிற வேலை அதில் இல்லை. நான் ஒரு சனிக்கிழமை இறங்கி வருகிறேன். உன் வீட்டுக் கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்துக் காட்டித் தருகிறேன். அரை நாள் போதும்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன், எழுதியே விடுகிறேன். நம் வீட்டில் அம்மா குடோனிலிருந்து காய் கொண்டுவந்து பொறுக்குவாள் இல்லையா, நல்லது ஒரு முறம், வெடித்தது ஒரு முறம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குவேன். நீ விளக்கடியில் படிப்பாய். "கற்பகத்தைக் கூப்பிடாத, அது படிக்கிற கண்ணு, காயில கெடுக்காத" என்பாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியதற்கு முதல் பரிசு எனக்குத்தான் கொடுத்தார்கள். மேலே படிக்க வைத்தது உன்னை. நான் கோபமாக எழுதவில்லை. உன் அறை வாசலில் பித்தளையில் பேர் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

எந்தச் சனிக்கிழமை வரட்டும்?

ராணி

———

போடி
30.7.2024

ராணிக்கு,

நலம். அது போட்டிமெட்டு இல்லை, போடிமெட்டு. அங்கே பாறை விழுந்து ரோடு அடைத்தது இரண்டு நாள்தான் என்று பிச்சைமணி அண்ணன் சொன்னார்.

நீ வர வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு எஸ்டேட் லைனிலிருந்து ஆள் வந்து காட்டித் தர வேண்டியதில்லை. ஏலக்காய் உன் தாத்தா சொத்தும் இல்லை, வகுத்தல் நீ கண்டுபிடித்ததும் இல்லை.

காயை மட்டும் அனுப்பு.

கு. கற்பகம், முதுநிலை விரிவுரையாளர்

———

மலை
15.9.2024

அக்காவுக்கு,

இங்கே சுகம். காயெடுப்புக் காலம், பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கு வருவதில்லை. ஒரு கிலோ காய் மஞ்சள் பையில் இருக்கிறது. இந்த வருடத்துக் காய், எஸ்டேட் ஸ்டோர் சூட்டில் காய வைத்தது. நன்றாக நடக்கட்டும்.

ராணி

———

போடி
6.10.2024

ராணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு உடம்பு மட்டும்தான் இப்போது நன்றாக இருக்கிறது.

மாதிரி வகுப்பு முடிந்து பதினாறு நாளாகிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன் மச்சானிடம் "நல்லா நடந்துச்சு" என்றேன். பவதாரணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அவள் என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நாற்பது நிமிடத்துக்கும் நிமிடம் நிமிடமாகப் பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். ஆர்வமூட்டல் ஐந்து நிமிடம். கரும்பலகையில் தேதி. புதுப்புடவை. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், நாலு நாலு பேராக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இருபத்து நாலு காய் எண்ணிக் கொடுத்தேன். கொட்டியதுதான் தாமதம், பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். நான் பேசுவதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. விரல் மட்டும் சரசரவென்று ஓடுகிறது. சத்தமே இல்லை. சத்தம் போட்டாலாவது அதட்டலாம்.

"இப்ப இருபத்து நாலையும் நாலு பேரும் சமமாப் பங்கு வைங்க பார்ப்போம்" என்றேன். யாரும் அசையவில்லை. ரோஜா என்று ஒரு சின்னப்பெண், இரட்டைச் சடை, எழுந்து நின்றாள். "பங்கு வைக்க முடியாது டீச்சர். இதுல ஒம்பது வெடிச்சது, மூணு சொத்தை. வெடிச்சத வாங்குறவன் என்ன ஏமாளியா?"

பக்கத்துக் குழுவில் சிவக்குமார் என்ற பையன், "நல்லதோட இதக் கலந்து வச்சா எங்கம்மாவ குடோன்ல வைவாக டீச்சர்" என்றான்.

அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருடைய அம்மாவும் குடோனில் காய் பொறுக்குகிறவர்கள், ராணி. எனக்கு அது தெரியாதா? போடியில் பிறந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே காய்தான்.

"சும்மா எண்ணிக்கைக்குத்தான் கண்ணு. வெடிச்சதையும் ஒண்ணாச் சேர்த்துக்க" என்றேன்.

"எண்ணிக்கைக்குன்னா புளியங்கொட்டை கொண்டாந்திருக்கலாம்ல டீச்சர்?"

அறுபது ஆசிரியர்களும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அவர்கள் பாடக்குறிப்பில் நான் சிவப்பு மை சுழித்திருக்கிறேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி இருபத்து நாலு வகுத்தல் நாலு என்று எழுதினேன், எழுதிவிட்டுத் திரும்பவும் அதையே கீழே எழுதினேன். அதற்குள் அந்த ரோஜா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என் மேல் இரக்கப்பட்டுக் கேட்டாள், "நீங்க காய் பொறுக்குனதே இல்லியா டீச்சர்? எந்த ஊரு நீங்க?"

போடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாநிலக் குழுப் பட்டியல் நேற்று வந்தது. என் பெயர் இல்லை. இனிமேலும் வராது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பயம். ராசிங்காபுரத்திலேயே பயம்தான். அந்தப் பயத்தில்தான் விழுந்து விழுந்து படித்து மேலே ஏறிக்கொண்டேன். உன் வீடியோவில் அந்தப் பொடிசுகள் உன் மடியில் சாய்ந்துகொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்த அன்றைக்கு என் வயிறு எரிந்தது. பொறாமை இல்லை என்று எழுதினேனே, அது பொய்.

அக்கா

———

மலை
9.11.2024

அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. இந்த முறை பாறை விழவில்லை. மழை இல்லை, காய்ச்சல் இல்லை. எழுதப் பயமாக இருந்தது.

என் வகுப்பில் கொடுக்கிற காய் கலவைக் காய் இல்லை அக்கா. வருட ஆரம்பத்தில் ஒரு வாரம் குட்டிகள் கையிலேயே காயைக் கொட்டி, நீங்களே பொறுக்குங்கள் என்று விட்டுவிடுவேன். ஆசை தீரப் பொறுக்குவார்கள். பிறகு சல்லடையில் சலித்து, வெடித்தது, சொத்தை எல்லாம் தள்ளி, எல்லாம் ஒரே அளவாக ஒரு டப்பா சேர்ப்போம். அந்தக் காயில் சண்டை வராது, ஒன்றுக்கு ஒன்று சமம். அதற்குப் பிறகுதான் பங்கு, வகுத்தல் எல்லாம். நீ பார்த்த ஏழு நிமிடம் அந்த டப்பாவுக்குப் பிறகு எடுத்தது. காட்டித் தருகிறேன் என்று சொன்னது இதைத்தான்.

உனக்குக் காய் அனுப்பிய அன்றைக்கு என் முன்னால் இரண்டும் இருந்தன. டப்பாவில் பொறுக்கிய காய். சாக்கில் கலவை. உன் மாதிரி வகுப்பு நம் பழைய தெருப் பக்கம்தான் என்று பவதாரணி எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி ஒரு பிள்ளைதானே. உனக்கு வித்தியாசம் தெரியாது என்பதும் தெரியும். "எஸ்டேட் லைனிலிருந்து ஆள் வந்து" என்று நீ எழுதியது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. சாக்கிலிருந்துதான் அள்ளினேன்.

ஜீப்புக்கு நேரமாகிவிட்டது, அவசரத்தில் மாறிவிட்டது என்று எழுதலாம். பிச்சைமணி அண்ணன் அரைமணி நேரம் டீ குடித்துக்கொண்டு, "வெரசாக் குடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லாமல் காத்திருந்தார். எனக்கு நேரம் இருந்தது.

கொஞ்சம் சிரிப்பார்கள், அக்கா முகம் சுருங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பதினான்கு வருடம் காத்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். நான் காத்திருந்ததையும் சேர்த்து யோசித்தேன். உன் கடிதத்தில் புளியங்கொட்டை வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் அந்தப் பிள்ளை "எந்த ஊரு நீங்க" என்று கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டார்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ராணி

———

போடி
28.12.2024

ராணிக்கு,

நாங்கள் சுகம். உன் இருமல் திரும்பிவிட்டது என்று பிச்சைமணி அண்ணன் சொன்னார். மார்கழிக் குளிரில் விடியற்காலை வெந்நீர் குடி.

ஏழு வாரம் எழுதவில்லை. முதல் வாரம் உன் கடிதத்தைக் கிழித்தேன். இரண்டாவது வாரம் ஒட்டினேன். திட்டி நாலு கடிதம் எழுதினேன், நாலும் அலமாரியில் இருக்கின்றன. நல்ல தமிழ், ஒரு பிழை கிடையாது. உன்னை மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. காயெடுப்பு முடிகிறவரை உன் பெயரைச் சொன்னாலே எனக்குப் பல் கூசியது. ஆனால் நாலாவது கடிதத்தை எழுதி மடிக்கும்போது கை நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது.

ஜூன் மாதம் உன் வீடியோவைப் போட்டார்களே, அன்றைக்குக் கரண்டு போகவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். முடிந்ததும் எங்கள் முதல்வர் எழுந்து நின்று, "இருபத்தைந்து வருஷத்துல இப்படி ஒரு கணக்கு வகுப்பை நான் பார்க்கலை. இந்த அம்மா யாரு, எந்த ஸ்கூலு? இவங்களைக் கூப்பிட்டு நம்ம ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன். பிறகு, "கேரளா பக்கம் ஏதோ எஸ்டேட்னு நினைக்கிறேன் சார்" என்றேன்.

உன்னைத் தெரியாது என்றுவிட்டேன், ராணி. கூடப்பிறந்தவளை. அதற்கு மறு ஞாயிறு உட்கார்ந்து உன் முந்தானை நனைந்திருக்கிறது என்று எழுதினேன். நீ சாக்கிலிருந்து அள்ளுவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே நான் அதைச் செய்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு எந்த வாய் இருக்கிறது?

நேற்று முதல்வர் அறைக்குப் போனேன். "சார், அந்த வீடியோ டீச்சர் என் தங்கச்சி. கூடப்பிறந்தவ. மகாராணின்னு பேரு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆறு மாசமாச்சேம்மா" என்றார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை, அவர் நல்ல மனிதர்.

ஜனவரி இருபத்தைந்து, சனிக்கிழமை. அறுபது ஆசிரியர்களுக்கு நீ கருத்தாளராக வர வேண்டும். அழைப்பாணை உள்ளே இருக்கிறது, உன் பெயர் தட்டச்சில் இருக்கிறது, எஸ்டேட் லைன் என்ற முகவரியும் இருக்கிறது. டப்பாவோடு வா.

அக்கா

———

போடி
2.2.2025

ராணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து உடம்பு வலி தீர்ந்ததா? பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் உனக்கு வாந்தி வந்திருக்குமே. அன்று மேடையில் தண்ணீர் குடிக்கக்கூட மறந்துவிட்டாய்.

நீ வகுப்பு எடுத்தபோது கடைசி பெஞ்சில் உற்றுநோக்கல் பதிவேட்டோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன், பார்த்திருப்பாய். யார் வகுப்பு எடுத்தாலும் பதிவேட்டை நிரப்பி அவரிடம் கொடுப்பது முறை. உள்ளே வைத்திருக்கிறேன். நிறைகள் பகுதியில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். குறைகள் என்ற இடத்தில் ஒரு வரிதான்: "ஆசிரியர் தரையில் உட்கார்ந்தபோது பெரிய ஆசிரியர்களும் கூடவே தரையில் உட்கார்ந்துவிட்டதால், கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு மறைத்தது."

அது குறை இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் டப்பாக் காயைப் பங்கு வைத்தபோது, மீதி டீச்சர் டீக்கு என்று நீ சொல்லி அவர்கள் சிரித்தபோது, பவதாரணி முன் வரிசையில் கைதட்டியபோது எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. சாகிறவரை கொஞ்சம் எரியும் போலிருக்கிறது. அதோடேயே உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது துவைக்கிற கல்லை விட்டுவிட்டு அந்த ரோஜா வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா பொன்னுமணி பொறுக்கப் பொறுக்க நானும் பக்கத்தில் உட்கார்கிறேன். ரோஜாதான் எனக்கு வாத்தியார். "காய விரல்ல உருட்டுங்க டீச்சர், கண்ணால மட்டும் பார்த்தா தெரியாது" என்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் பயம் காட்டாத முதல் பிள்ளை அவள்.

இத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. நானே பொறுக்கிய காய், எண்ணி நூறு. ஒன்றுகூட வெடித்தது இல்லை. உன் டப்பாவில் சேர்த்துக்கொள்.

அக்கா

———

மலை
14.2.2025

அக்காவுக்கு,

வாந்தி எட்டாவது வளைவிலேயே வந்துவிட்டது, பிச்சைமணி அண்ணன் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தார். இப்போது சுகம். இருமல் போய்விட்டது. உன் கால் எப்படி, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா?

பொட்டலம் வந்தது. குட்டிகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். நூறில் நாலு வெடித்தது. அம்மா இருந்தால் "கண்ண எங்கடி வச்சிருந்த?" என்று உன்னை வைதிருப்பாள். ஒரு தடவையாவது அவள் உன்னை அப்படி வைதிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

என்னிடம் சிவப்பு மை இல்லை. பவதாரணி விட்டுப்போன நகப்பூச்சு இருந்தது, கீழே அதில் எழுதியிருக்கிறேன். காய்ந்த பிறகுதான் மடித்தேன்.

திருப்தி இல்லை. மறுபடி பொறுக்கி அனுப்பவும்.

நல்ல காய் தொண்ணூற்றாறையும் டப்பாவில் சேர்த்துவிட்டேன். அன்றைக்கே ஈஸ்வர் நாலு பேருக்குப் பங்கு வைத்தான், ஆளுக்கு இருபத்து நாலு, மீதி இல்லை. "டீச்சர் டீக்கு ஒண்ணுமில்லையே" என்று வருத்தப்பட்டான். நீ விட்டுவைத்த வெடித்த காய் நாலும் என் முந்தானையில்தான் முடிந்திருந்தது. சாயங்காலம் நாலையும் தட்டிப் போட்டு டீ வைத்துக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது அக்கா.

உன் ராணி